எதையும் நம்பாதவனுக்கு என்ன பெயர்?

செட்டிநாட்டில் ஒரு பையன் கோயில் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்றால் அவனுக்கு நாலைந்து பட்டங்கள் தயாராக இருக்கும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயா ‘நாத்திகன்’ என்பார். அப்பத்தா ‘விட்டேத்தியாத் திரியுறான்’ என்பார். நாலு புத்தகம் படித்த பெரியப்பா ஒருவர் ‘அவன் எதையுமே நம்பாதவன்’ என்று முடித்துவிடுவார். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் வழியாக இன்னொரு சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது: ‘நிகிலிஸ்ட்’. பையன்களே அதை விரும்பித் தங்கள் பெயருக்குக் கீழே எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. கடவுளை மறுப்பது ஒன்று. மறுபிறவியை மறுப்பது இன்னொன்று. உலகம் நிலைக்காது என்பது அவை இரண்டிலிருந்தும் விலகி நிற்பது. எதற்கும் பொருளோ மதிப்போ கிடையாது, எதையும் நம்ப அடிப்படையே இல்லை என்பது முற்றிலும் தனி. கடைசியாகச் சொன்னதற்குத்தான் நிகிலிசம் என்று பெயர். மற்றவற்றையும் அந்தப் பெயருக்குள் தள்ளிவிடுவதால் நேர்கிற அநியாயம் சின்னதல்ல. ஒரு நம்பிக்கைக்காக வாழ்நாளையே கொடுத்தவர்களை ‘நம்பிக்கையற்றவர்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். அப்படிப்பட்டவர்கள் இந்தச் சீமையிலேயே நடமாடியிருக்கிறார்கள்.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ‘நிஹில்’ என்றால் லத்தீன் மொழியில் ‘ஒன்றுமில்லை’. இதைத் தத்துவ உலகின் காதில் அழுத்தமாகப் போட்டவர் ஃபிரெடரிக் ஹைன்ரிஷ் யாக்கோபி என்ற ஜெர்மானியர். 1799-இல் ஃபிக்டே என்ற தத்துவ அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைக் கையாண்டார். பகுத்தறிவு தானே உண்டாக்கியதை மட்டும் நம்புவது என்று கிளம்பினால், கடவுளும் உலகமும் கரைந்து கடைசியில் ஒன்றுமில்லாத இடத்தில் போய் நிற்க வேண்டியதுதான் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆக, ஆரம்பத்திலேயே இது எதிராளியின் மேல் வீசிய சொல். யாரும் தனக்கென்று ஆசையாக வைத்துக்கொண்ட பெயர் இல்லை.

அதை ஊரறியச் செய்தது ரஷ்யா. துர்கேனிவ் 1862-இல் வெளியிட்ட நாவல் ஒன்றில் பஸாரவ் என்ற மருத்துவ மாணவன் வருகிறான். எந்த அதிகாரத்துக்கும் தலை வணங்காதவன், எவ்வளவு மரியாதைக்குரிய கொள்கையானாலும் சும்மா நம்பி ஏற்காதவன், அவனே நிகிலிஸ்ட் என்று அவன் நண்பன் விளக்கம் சொல்கிறான். கதை வெளிவந்த அதே ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் பெரிய தீவிபத்துகள் நடந்தன. ஊர் திரும்பிய துர்கேனிவைப் பார்த்த ஒருவர், ‘உங்கள் நிகிலிஸ்ட்டுகள் செய்கிற வேலையைப் பாருங்கள், ஊரையே கொளுத்துகிறார்கள்’ என்றாராம். அதை அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பாத்திரத்தின் பெயர் சில மாதங்களில் ஒரு தலைமுறையின் மேல் குற்றப்பத்திரிகையாக மாறிவிட்டது.

ஆனால் அந்தப் பஸாரவ் என்ன செய்கிறான்? காலையில் எழுந்து தவளைகளைப் பிடித்து வந்து அறுத்து ஆராய்கிறான். ஒரு நல்ல வேதியியலாளர் கவிஞரைவிட இருபது மடங்கு பயனுள்ளவர் என்கிறான். அறிவியலின் மேல் அவனுக்கு இருப்பது அசைக்க முடியாத பற்று. உலகத்துக்கே தெரிந்த முதல் நிகிலிஸ்ட், உண்மையில் எதையும் நம்பாதவன் அல்ல. பழைய நம்பிக்கைகளை மறுத்துப் புதிய ஒன்றைப் பிடித்துக்கொண்டவன். 1881-இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு வீசிக் கொன்றவர்களையும் ஐரோப்பியப் பத்திரிகைகள் நிகிலிஸ்ட்டுகள் என்றே எழுதின. அவர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்திருந்த பெயரோ ‘மக்கள் விருப்பம்’. அவர்கள் வழி சரியா தவறா என்பது தனி விவாதம். குறிக்கோள் இல்லாதவர்கள் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஜெர்மன் தத்துவ அறிஞர் நீட்சே வந்த பிறகுதான் இந்தச் சொல் வசவு என்ற நிலையிலிருந்து நோய்க்கணிப்பு என்ற நிலைக்கு உயர்ந்தது. ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்று 1882-இல் அவர் எழுதியதைக் கொண்டாட்டம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அந்தப் பகுதியை முழுசாகப் படித்தால் தெரியும், அது பதற்றம். நல்லது கெட்டது என்று நாம் வைத்திருக்கும் அளவுகோல் எல்லாம் எதன் மேல் நின்றதோ அதை எடுத்துவிட்டோம், இனி அந்த அளவுகோல்களை எது தாங்கும் என்று கேட்கிறார். மிக உயர்ந்த மதிப்புகளே மதிப்பிழந்து போவதைத்தான் அவர் நிகிலிசம் என்றார். அது ஐரோப்பாவின் வாசலில் வந்து நிற்கிறது என்றும், அதைக் கடந்து போக வேண்டும் என்றும் சொன்னார். அவர் படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ‘எதுக்கும் அர்த்தம் இல்ல மச்சான்’ என்கிற தம்பிகள் இந்தப் பாதியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

நிகிலிசத்துக்குள்ளும் கிளைகள் உண்டு. எதுவும் இல்லை என்பது ஒன்று. இருந்தாலும் அதை அறிய முடியாது என்பது இன்னொன்று. நன்மை தீமை என்பது நாமாகக் கட்டியது என்பது ஒழுக்க நிகிலிசம். வாழ்க்கைக்கு நோக்கம் இல்லை என்பது இன்று அதிகம் பேசப்படும் வகை. பழைய கிரேக்கத்தில் கோர்கியாஸ் என்பவர் மூன்று படியாகச் சொன்னார்: ஒன்றும் இல்லை, இருந்தாலும் அறிய முடியாது, அறிந்தாலும் இன்னொருவருக்குச் சொல்ல முடியாது. இதைவிடச் சுருக்கமாக முழு மறுப்பை யாரும் சொன்னதில்லை.

சரி, நம் பக்கம் வருவோம். தமிழில் ‘இல்லை’ என்று சொன்னவர்களின் கணக்கு மிகப் பழையது, மிக நுணுக்கமானதும் கூட.

‘நாத்திகம்’ என்பது வடமொழியின் ‘ந அஸ்தி’, அதாவது ‘இல்லை’ என்பதிலிருந்து வந்தது. எது இல்லை? இன்று கேட்டால் ‘கடவுள் இல்லை’ என்போம். அன்று அப்படி இல்லை. மனுநீதி நூல், வேதத்தை இகழ்பவனே நாத்திகன் என்கிறது. அந்த அளவுகோலில் சமணரும் பௌத்தரும் நாத்திகர்கள். படைத்தவன் என்று ஒருவனை வைக்காத சாங்கியரும் மீமாம்சகரும் ஆத்திகர்கள்! இதைப் பரிமேலழகர் உரையோடு சேர்த்துப் படித்தால் இன்னும் தெளிவாகும். ‘உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்’ என்பது 850-ஆம் குறள். உலகம் உண்டு என்பதை இல்லை என்பவன் பேயாக எண்ணப்படுவான். அந்த ‘உண்டு’க்குள் பரிமேலழகர் அடுக்குவது கடவுள், மறுபிறப்பு, இருவினைப் பயன். மறுக்கப்படும் பொருள் ஒன்றல்ல, ஒரு வரிசை. அந்த வரிசையில் எதை மறுக்கிறான் என்று கேட்காமல் ஆளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்ற பாடம் அதிலேயே இருக்கிறது.

இப்படிக் கேட்டு விசாரிக்கும் பண்பாட்டை நேரில் பார்க்க வேண்டுமானால் மணிமேகலைக்குப் போக வேண்டும். வஞ்சி மாநகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் ‘உங்கள் தத்துவம் என்ன’ என்று கேட்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகன், நிகண்டவாதி என்று வரிசையாகப் பேசிய பிறகு, கடைசியில் பூதவாதி வருகிறான். தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் கூட்டி ஊறவைத்தால் அவற்றில் தனித்தனியே இல்லாத போதை பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறான். பிரிந்தால் உணர்வும் போய்விடும். கண்ணால் காண்பதுதான் பிரமாணம், அதாவது ஒன்றை அறியும் வழி. அனுமானத்தை ஏற்க முடியாது. இந்தப் பிறவியோடு எல்லாம் முடிந்தது. மணிமேகலை சிரித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? கடைசி அடி அவளுடையதுதான். ஆனாலும் பூதவாதியின் வாதம் சிதையாமல், அவன் உவமையோடு, நம் கைக்கு வந்திருக்கிறது. பின்னால் அருள்நந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பதினான்கு பிறமதங்களை எடுத்துப் பேசும்போது காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதனையே முதலில் நிறுத்துகிறார். எதிராளி என்ன சொல்கிறான் என்பதை அவன் தரப்பில் நின்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பு தொடங்கும். அந்த நாகரிகம் இன்றைக்கு நம் பேச்சில் குறைந்துவிட்டதே என்பது என் ஆதங்கம்.

பூதவாதியும் உலகாயதனும் நிகிலிஸ்ட்டுகளா? இல்லவே இல்லை. கண்ணால் காணும் இந்த உலகம் உண்டு, இந்த உடம்பு உண்டு, இன்பம் உண்டு என்பதுதான் அவர்கள் கட்சி. மறுமையை மறுத்தார்கள், இம்மையை இறுக்கிப் பிடித்தார்கள்.

எல்லாவற்றையும் மறுக்கிற எல்லைக்கு மிக அருகில் போன ஒருவர் இந்தியாவில் உண்டு. ஜயராசி பட்டர். அவருடைய தத்துவோபப்லவசிம்மம் என்ற நூலின் ஏடு குஜராத்தில் பாட்டன் நகரில் 1926-இல்தான் கிடைத்தது. 1940-இல் பரோடாவிலிருந்து அச்சில் வந்தது. அனுமானம் மட்டுமா ஆட்டம் காணும், கண்ணால் காண்பதும்தான் என்று ஒவ்வொரு பிரமாணத்தையும் எடுத்து அவற்றின் இலக்கணம் நிற்காது என்று காட்டிக்கொண்டே போகிறார். எல்லாம் கவிழ்ந்த பிறகு முடிவில் என்ன சொல்கிறார் தெரியுமா? தத்துவங்கள் எல்லாம் இப்படிச் சாய்ந்துவிட்டதால், அன்றாட நடவடிக்கைகள் எல்லாம் ஆராயாத அளவில் இனிமையாகவே நடக்கலாம் என்கிறார். ‘வியவகாரம்’ என்பது அவர் போடும் சொல். நம் ‘விவகாரம்’ அதுதான். அத்தனையையும் சாய்த்த ஆள் கொடுக்கல் வாங்கலைச் சாய்க்கவில்லை என்பது கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன ஊர்களுக்கு நன்றாகவே புரியும்.

இங்கே சூனியவாதம் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நிகிலிசத்துக்குத் தமிழில் பலரும் எழுதுவது இந்தச் சொல்தான். அது வேண்டாம் என்பேன். சூனியவாதம் என்பது நாகார்ஜுனரின் மாத்யமிக பௌத்தத்துக்கு ஏற்கெனவே உரிய பெயர். அவர் சூனியம் என்றது ‘ஒன்றுமே இல்லை’ என்பதை அல்ல. எந்தப் பொருளும் தன்னந்தனியாக, தன் சொந்த இயல்பால் நிற்பதில்லை, ஒவ்வொன்றும் மற்றவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது என்பதைத்தான். அதைத் தப்பாகப் பிடித்தால், பாம்பைத் தப்பான இடத்தில் பிடித்தவன் கதிதான் என்று அவரே எச்சரித்திருக்கிறார். ‘எல்லாம் அழிந்துபோகும், மிச்சம் ஏதும் இல்லை’ என்கிற கட்சிக்குப் பௌத்தத்தில் உச்சேதவாதம் என்று பெயர். புத்தர் விலக்கிய இரண்டு ஓரங்களில் அது ஒன்று. இது போதாதென்று, நம் பேச்சுவழக்கில் சூனியம் என்றால் செய்வினை. ‘என் பேரன் சூனியவாதி’ என்று யாராவது சொன்னால் கேட்கிறவர்கள் எலுமிச்சம்பழத்தைத்தான் நினைப்பார்கள்.

இனி நிலையாமை. செட்டிநாட்டில் நிகிலிசத்தோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது இதுதான். காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்ற நினைவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கும் நகரத்தாருக்கு, அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, பட்டினத்தார் வேறு ஆள் இல்லை, சொந்தக்காரர் மாதிரி. ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்ற வரி தெரியாத வீடு இருக்காது. சாவு வீட்டில் உட்கார்ந்து ‘என்னத்தைக் கண்டோம், எல்லாம் மாயை’ என்று சொல்லாத பெரியவர்களும் கிடையாது. ஆனால் பட்டினத்தார் மறுத்தது செல்வத்தின் நிலைப்பை, செல்வத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனத்தை. திருவிடைமருதூரையும் திருவொற்றியூரையும் பாடிக்கொண்டு திரிந்தவரை எதையும் நம்பாதவர் என்பதற்கு வாய் வராது. உலகத்தை நம்பாதே என்றவர் சிவனை நம்பு என்றார்.

இதைவிட எனக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பூங்குன்றம். திருப்பத்தூர் வட்டத்தில் இருக்கும் மகிபாலன்பட்டிதான் பழைய பூங்குன்றம் என்று அந்த ஊர்க் கல்வெட்டைக் காட்டிச் சொல்வார்கள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்த ஊரும் அதுதான். அந்த ஊர்க்காரர் கணியன் பூங்குன்றன் பாடிய புறநானூற்று 192-ஆம் பாட்டின் முதல் வரியை உலகமே சொல்கிறது. மற்ற வரிகளை நிறுத்திப் படிக்கிறவர்கள் குறைவு. படித்துப் பாருங்கள், பாட்டு முழுக்க மறுப்பாக இருக்கும். தீதும் நன்றும் பிறர் தர வாரா. சாதலும் புதுவது அன்றே. வாழ்தல் இனிது என மகிழ்ந்தன்றும் இலமே. முனிவின் இன்னாது என்றலும் இலமே. மழை பெய்து கல்லில் மோதி ஓடும் பேர்யாற்றில் தெப்பம் போவதுபோல உயிர் முறைவழிப் போகும் என்று தெளிந்தோம். ஆகவே பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

மகிழ்ந்து கூத்தாட மாட்டோம், வெறுத்துத் துன்பம் என்றும் சொல்ல மாட்டோம், வியக்க மாட்டோம், இகழ மாட்டோம். மேலோட்டமாகப் பார்த்தால் இது நிகிலிஸ்ட் பேசுகிற மாதிரியே இருக்கும். வாழ்வு இனிது என்பதையே ஏற்கவில்லையே! ஆனால் ‘அதனினும்’ என்ற ஒரு சொல்லைக் கவனியுங்கள். பெரியவர்களை வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. எதற்கும் மதிப்பில்லை என்பவனுக்கு இந்த ‘அதைவிடவும்’ எங்கிருந்து வரும்? வியக்காமல் இருப்பதைவிட இகழாமல் இருப்பது முக்கியம் என்று தராசு ஒரு பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் மதிப்பு. எல்லாவற்றையும் உதறியதுபோலத் தோன்றும் பாட்டின் அடியில் எளியவனை இகழாதே என்ற உறுதி கல்லாகக் கிடக்கிறது. நிலையாமையை உணர்ந்தவனும் நிகிலிஸ்ட்டும் பிரிகிற இடம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், காரைக்குடியில் இளைஞர்கள் சிலர் 1917-இல் இந்து மதாபிமான சங்கம் தொடங்கினார்கள். ராய. சொக்கலிங்கமும் சொ. முருகப்பாவும் அவர்களில் முக்கியமானவர்கள். 1919-இல் பாரதியார் வந்து அந்தச் சங்கத்தை வாழ்த்திப் பாடினார். கையில் தடியோடு நிற்கும் பாரதி படம் அப்போது காரைக்குடியில் எடுத்ததுதான். மதாபிமானத்தில் தொடங்கிய அதே சொ. முருகப்பா பிறகு சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் வந்தார். கைம்பெண்ணாக இருந்த மரகதவல்லியை மணந்தார். ‘மாதர் மறுமணம்’ என்ற பெயரிலேயே 1930களில் ஓர் இதழ் அவர்கள் முயற்சியில் வந்தது. அன்றைய ஊர்ப் பேச்சில் அவர் ‘எதையும் நம்பாதவர்’ ஆகியிருப்பார். அவர் நம்பாதது ஒன்றே ஒன்று: கணவனை இழந்த பெண் மூலையில் உட்கார வேண்டும் என்ற விதி. அவர் நம்பியது அந்தப் பெண்ணின் வாழ்வு.

சிராவயலில் ஆசிரமம் நடத்திய ஜீவானந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி 1927-இல் செட்டிநாட்டுக்கு வந்தபோது அங்கே போய் அவரைச் சந்தித்தார். அதே ஜீவாதான் 1930களில், பகத் சிங் லாகூர்ச் சிறையில் தன் நாத்திகத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தமிழில் பெயர்த்தார், அதற்காகச் சிறைக்கும் போனார். அந்தக் கட்டுரையை எழுதும்போது பகத் சிங் தூக்கை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர். மறுமையில் பரிசு எதுவும் கிடையாது என்று நம்பிக்கொண்டே நாட்டுக்காகச் சாகத் தயாராக இருந்தவர். எழுதியவரும் சரி, பெயர்த்தவரும் சரி, கடவுளை மறுத்தவர்கள். அவர்களைவிட உறுதியான நம்பிக்கை கொண்டவர்களை எங்கே தேடுவது?

பெரியாரையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். ‘கடவுள் இல்லை’ என்று அவர் சொன்னது ஊருக்கெல்லாம் தெரியும். ‘கடவுளை மற, மனிதனை நினை’ என்று சொன்னதில் இரண்டாம் பாதி அவருடைய கொள்கை முழுவதும். நிகிலிஸ்ட் முதல் பாதியோடு நின்றுவிடுவான். மனிதனை மட்டும் எதற்கு நினைக்க வேண்டும் என்றும் கேட்பான். குன்றக்குடி அடிகளார் இந்த வேறுபாட்டை அறிந்தவர் என்றுதான் நினைக்கிறேன். திருநீறு துலங்கும் ஆதீனகர்த்தரும் கருஞ்சட்டைத் தலைவரும் கொள்கையில் எதிரெதிர் நின்றே நண்பர்களாக இருந்தார்கள். பெரியார் குன்றக்குடி மடத்துக்கு வந்தபோது அடிகளார் தந்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்று இன்றும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். இரண்டு பேரும் நம்பிய பொது இடம் ஒன்று இருந்தது, சாதியால் மனிதன் தாழ்த்தப்படக் கூடாது என்பது.

சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் இதற்கு மறுபுறம். திராவிட இயக்கத்தில் கடவுள் மறுப்பாளராக இருந்தவர், கம்பனை மறுப்பதற்காகக் கம்பனைப் படிக்கத் தொடங்கி, அதிலேயே மனம் பறிகொடுத்துப் பக்திப் பக்கம் வந்ததாகச் சொன்னார். இரண்டு கரையிலும் அவர் நெஞ்சம் நிறைந்துதான் இருந்தது. கம்பனைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியதிலிருந்து ஆண்டுதோறும் விழா நடக்கும் ஊர் இது. யுத்த காண்டத்துக் கடவுள் வாழ்த்தில் கம்பன் ‘இன்றே என்னின் இன்றே ஆம், உளது என்று உரைக்கின் உளதே ஆம்’ என்கிறான். இல்லை என்றால் இல்லை, உண்டு என்றால் உண்டு. கடவுளை வாழ்த்துகிற பாட்டிலேயே கடவுள் இல்லை என்பவனுக்கும் ஓர் இடம் போட்டு வைத்த துணிச்சலைப் பாருங்கள்!

நம்பிக்கை என்பது மனதுக்குள் இருக்கும் கருத்து மட்டும்தானா என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. பிள்ளையார் நோன்பு அன்று ஒரு நகரத்தார் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள் கழித்து வரும் நோன்பு. புதுத் துணியிலிருந்து எடுத்த இருபத்தோரு நூலிழைகளைத் திரியாக்கி, இனிப்பு மாவில் செருகி, ஏற்றி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். சுடர் எரியும்போதே அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ‘சாமி இல்லன்னு சொல்லுறியே, இழை எடுக்க வருவியா அப்பச்சி?’ என்று பேரனைச் செல்லமாகக் கேட்பார் ஆயா. ‘நீங்க குடுக்குறீங்கல்ல ஆயா, வருவேன்’ என்பான் அவன். சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும்கூடக் கூடி இழை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கடவுளை நம்பாதவர்களும் உண்டு. அவர்கள் நடிக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டின் மூத்தவர் நீட்டும் கையை அவர்கள் நம்புகிறார்கள்.

கல்யாணத்திலும் இப்படித்தான். நகரக்கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் அந்த மணம் நகரத்தாரிடையே பதிவாகும், தம்பதி ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம், ஆவார்கள். கோயிலுக்குள் நுழையாத மாப்பிள்ளையும் புள்ளியில் சேர்ந்தவன்தான். புள்ளியிலிருந்து விலகி நின்று சீர்திருத்தம் செய்தவர்களும் இருந்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரியது. உண்மையான நிகிலிஸ்ட் என்று ஒருவன் இருந்தால் அவன் கோயிலை மட்டும் விட்டால் போதாது. புள்ளி, பங்காளி, வாக்கு, கடன், நன்றி என்று எல்லாவற்றையும் பொருளற்றது என்றுதான் சொல்ல வேண்டும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்த ஊர்களில் ‘நாணயம்’ என்றால் காசு, நாணயம் என்றால் சொன்ன சொல் தவறாமை. முகம் பார்க்காத ஆள் எழுதிய உண்டியல் சீட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் அந்த இரண்டாம் நாணயத்தை நம்பித்தான் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு எல்லாவற்றையும் மறுத்து வாழ்கிறவரை நான் எங்கும் கண்டதில்லை. சொல்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

அவர்களில் பலர் உண்மையில் விரக்தியில் இருப்பவர்கள். இதைக் கொஞ்சம் அக்கறையோடு சொல்ல விரும்புகிறேன். படித்து முடித்து வேலை கிடைக்காமல், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்து, ‘எதுவா இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதான்’ என்று ஒரு பையன் சொன்னால் அது கொள்கை அல்ல, களைப்பு. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், பிடித்த காரியத்திலும் மனம் ஒட்டாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ‘ஏதோ தத்துவம் பேசுறான்’ என்று விட்டுவிட்டால் ஒரு பெயர் வைத்த திருப்தியில் ஆளைத் தொலைத்துவிடுவோம். மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து ‘என்னப்பா ஆச்சு’ என்று கேட்பதற்கு எந்த எண்ணும் வேண்டாம்.

அப்புறம், தமிழில் இதற்கு எந்தச் சொல்லை எழுதுவது? இன்மைவாதம் என்கிறார்கள். அழகான சொல்தான். ஆனால் குறள் படித்தவருக்கு இன்மை என்றால் வறுமை, ‘இன்மையின் இன்னாதது யாதெனின்’ என்றுதான் காதில் ஒலிக்கும். மறுப்புவாதம் என்பதை, நடந்த உண்மையை நடக்கவில்லை என்று சாதிப்பவர்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது. கண்ணெதிரே வெப்பம் கூடும்போதும் பருவநிலை மாறவில்லை என்று சொல்கிறவர்கள் மறுப்புவாதிகள். சூனியவாதத்தை நாகார்ஜுனருக்கே விட்டுவிடலாம். கம்யூனிசம் என்று எழுதி யாருக்கும் குறைவு வரவில்லையே, அதுபோல நிகிலிசம் என்றே எழுதி, முதல் தடவை வரும் இடத்தில் ‘எதற்கும் பொருளோ மதிப்போ இல்லை என்னும் கொள்கை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும் என்பது என் கருத்து.

கடவுளை ஏற்காதவர் நாத்திகர். கடவுள் உண்டா இல்லையா என்று தெரியாது என்பவருக்கு ஐயவாதி பொருந்தும். சடங்கை மட்டும் தள்ளிவைத்துக் கடவுளை வைத்திருப்பவரை இந்த இரண்டிலும் சேர்க்க முடியாது, ‘நட்ட கல்லை’ப் பாடிய சிவவாக்கியர் அவர் பக்கம் இருக்கிறார். காரணம் கேட்டு ஏற்பவர் பகுத்தறிவாளர். உலகம் நிலையில்லை என்று உணர்ந்து நடப்பவர் நிலையாமை அறிந்தவர். மனம் வெறுத்துப்போனவர் விரக்தியடைந்தவர். இத்தனையும் கேட்டுப் பார்த்து, ஒன்றுமே பொருந்தாமல், நல்லதும் கெட்டதும் உறவும் உண்மையும் எல்லாமே வெற்று என்று ஒருவர் தெளிவாக, யோசித்துச் சொன்னால், அவரை நிகிலிஸ்ட் என்று எழுதலாம்.